ஜிசிஎஸ்இ-க்கு டியூட்டர் தேடும் முன் பள்ளியிடம் கேட்க வேண்டியவை

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கையோடு கேட்பது, "மேத்ஸுக்கும் சயின்ஸுக்கும் நல்ல டியூட்டர் யாராவது தெரியுமா?" என்பதைத்தான். யாரையும் பிடிப்பதற்கு முன் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஜிசிஎஸ்இ-யில் (16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) எந்தப் பாடத்துக்கு எந்தத் தேர்வு வாரியம் என்று கேளுங்கள். ஊரைப் போல எல்லாப் பாடத்துக்கும் ஒரே போர்டு என்பது இங்கே கிடையாது. ஒரே பள்ளியில் கணிதம் எடெக்ஸெல்லாகவும் அறிவியல் ஏக்யூஏவாகவும் இருக்கலாம். அறிவியல் கம்பைண்டா (மூன்றும் சேர்ந்து இரண்டு ஜிசிஎஸ்இ) டிரிபிளா (மூன்றும் தனித்தனியாக), கணிதத்தில் ஹையரா (மேல்நிலைத் தாள்) ஃபவுண்டேஷனா (அடிப்படைநிலைத் தாள்) என்பதையும் கேட்டு வாங்குங்கள். (ஸ்காட்லாந்தில் தேர்வு முறையே வேறு.)

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஃபவுண்டேஷன் எழுதும் பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதினாலும் கிரேடு 5-க்கு மேல் கிடைக்காது. ஏ லெவலில் (ஜிசிஎஸ்இ-க்கு அடுத்த இரண்டு ஆண்டுப் படிப்பு) கணிதம் எடுக்கப் பெரும்பாலும் 6 அல்லது 7 கேட்பார்கள். ஆங்கிலம் தடுமாறுகிற காரணத்தால் கணக்கு நன்றாக வருகிற பிள்ளையைக் கீழ் செட்டில் (திறனைப் பார்த்துப் பிரிக்கும் வகுப்புப் பிரிவு) உட்கார வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியிருந்தால் கணித ஆசிரியரைப் பார்த்துப் பேசுவதுதான் முதல் வேலை. டியூஷனெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, டியூட்டருக்கு வருவோம். பட்டத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இயற்பியலைக் கரைத்துக் குடித்தவராக இருந்தாலும், இங்கே மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாவிட்டால் பிள்ளைக்குப் பயனில்லை. ஒழுங்கற்ற வடிவமுள்ள ஒரு கல்லின் அடர்த்தியைக் கண்டறியும் முறையை விவரிக்கச் சொல்லி ஆறு மதிப்பெண் கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளை 'அடர்த்தி = நிறை ÷ கனஅளவு' என்று எழுதி அடிக்கோடு போட்டு நிறுத்திவிடும். சூத்திரம் சரிதான், ஆனால் முழு மதிப்பெண் வராது. தராசில் நிறை பார்ப்பது, யூரேகா கேனில் (பக்கவாட்டில் குழாய் வைத்த பாத்திரம்) குழாய் வாய்வரை நீர் நிரப்புவது, கல்லை மெல்ல இறக்கி வெளியேறும் நீரை அளவுக் குடுவையில் பிடிப்பது, கண்மட்டத்தில் அளவு பார்ப்பது என வரிசையாக எழுத வேண்டும். இங்கே செய்முறைத் தேர்வு தனியாகக் கிடையாது. அறிவியல் மதிப்பெண்ணில் குறைந்தது 15 சதவீதம் இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான். பழைய வினாத்தாளையும் மார்க் ஸ்கீமையும் (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற குறிப்பு) பக்கத்தில் வைத்துச் சொல்லித் தருகிறாரா என்று பாருங்கள். இரண்டும் வாரியங்களின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சோதனை வகுப்பு நடக்கும்போது அடுத்த அறையில் இருந்து காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு மணி நேரமும் அவரே பேசி, அவரே கணக்குப் போட்டு முடித்தால் வேறு ஆளைப் பாருங்கள். "இதை எப்படிப் போட்டாய், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பவர்தான் நமக்கு வேண்டியவர். பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பது அவருக்குத்தான் பிடிபடும்.

கால்குலேட்டரையும் மறக்காதீர்கள். கணிதத்தின் மூன்று தாள்களில் இரண்டுக்கு அது உண்டு. ஊரில் அதைத் தொடாமலே படித்த பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். இதைத் தானாகவே எடுத்துச் சொல்லும் டியூட்டர் என்றால் நம்பலாம்.

தமிழ் தெரிந்தவரே வேண்டுமா? முதல் சில மாதங்களுக்கு அது பெரிய ஆறுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்கம் தமிழில் இருந்தாலும் விடையைப் பிள்ளை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதிப் பழக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதவராகப் பாருங்கள்.

தனியாகப் பாடம் எடுப்பவருக்கு டிபிஎஸ் சான்றிதழ் (குற்றப் பின்னணி சரிபார்ப்பு) இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டாதீர்கள். இயர் 11 (ஜிசிஎஸ்இ எழுதும் ஆண்டு) பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் மாலையில் இலவசமாகவே ரிவிஷன் வகுப்பு நடக்கிறது. முதல் மின்னஞ்சலிலேயே அதையும் கேட்டுவிடுங்கள்.