கனமான வாட்டர்கூல் கிராபிக்ஸ் கார்டுக்கு முட்டுக் கொடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செம்புத்தட்டு:

ஃபேனைக் கழற்றிவிட்டு வாட்டர் பிளாக் (உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டை இழுக்கும் உலோகத் தட்டு) போட்டால் எடை குறைந்துவிடும், கார்டு தொங்காது என்று ஒரு பேச்சு உண்டு. எல்லாக் கார்டுக்கும் அது பொருந்தாது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், அதே அளவு செம்பு கிட்டத்தட்ட 9 கிராம். ஆர்.டி.எக்ஸ் 4090 போல ராட்சத அலுமினிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகள்) வைத்த கார்டுகளில் எடை குறையலாம். என்னிடம் இருப்பது ஆர்.டி.எக்ஸ் 3090. அதன் 24 மெமரி சிப்களில் 12 போர்டின் பின்பக்கம் இருக்கின்றன. இரவு முழுக்க ரெண்டர் ஓடினால் முதலில் கொதிப்பது அவைதான். அதனால் முன்பக்கம் ஒரு செம்பு பிளாக், பின்பக்கம் இன்னொன்று, நடுவில் போர்டு. வீட்டுத் தராசில் வைத்தால் 2 கிலோவைத் தாண்டுகிறது. பிளாக்குக்குள் நிற்கும் தண்ணீர் 100 மில்லிகூட இருக்காது. செம்பும் பித்தளை ஃபிட்டிங்கும்தான் கனம்.

கேபினெட் தரையிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்தால் பிராக்கெட் (கேபினெட்டின் பின்சுவரில் திருகும் தகடு) பக்கத்துக்கும் வால் பக்கத்துக்கும் 6 மி.மீ. வித்தியாசம். வால் மட்டும் இறங்கவில்லை, கண்ணாடிப் பக்க விளிம்பும் சேர்ந்து இறங்குகிறது. ஒரு பக்கம் ஸ்லாட் பிடிக்கிறது, ஒரு பக்கம் பிராக்கெட் பிடிக்கிறது. இரண்டுக்கும் எட்டாமல் அந்தரத்தில் நிற்கும் அந்த ஒரு மூலைதான் ஆகக் கீழே இருக்கிறது. ஸ்டாண்டை கார்டின் நடுவில் வைத்துப் பார்த்தேன், பெரிய பலன் இல்லை. மூலைக்கு நகர்த்தியதும் நேராகிவிட்டது.

கடையில் விற்கும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டுதான். அடியில் காந்தம். என் கேபினெட்டின் அடித்தட்டு அலுமினியம், காந்தம் ஒட்டாது. இரட்டைப்பக்க டேப் போட்டு நிறுத்தியிருக்கிறேன். நிற்கிறது. ஆனாலும் கேபினெட்டை நகர்த்தும்போதெல்லாம் ஒரு கண் அதன்மேல்தான். நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குழாய்க்காரன்_சென்னை:

லூப் (தண்ணீர் சுற்றிவரும் குழாய் அமைப்பு) போட்டுக் கொடுப்பதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, மூலையைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதைவிட முக்கியம், எப்போது முட்டுக் கொடுக்கிறோம் என்பது. சாஃப்ட் டியூப் என்றால் எப்போது வேண்டுமானாலும் கார்டைத் தூக்கலாம், டியூப் வளைந்து கொடுக்கும். விறைப்பான ஹார்டு டியூபில் அந்தப் பேச்சே இல்லை.

போன கோடையில் வீடியோ எடிட்டர் ஒருவர், வேறு இடத்தில் செய்து வாங்கிய மிஷினைக் கொண்டுவந்தார். 4090, நிக்கல் பூசிய பிளாக், அதிலிருந்து டிஸ்ட்ரோ பிளேட்டுக்கு (தண்ணீரைப் பிரித்து அனுப்பும் பலகை) ஒரு சாண் நீளத்தில் இரண்டு நேர் டியூப். கார்டு தொங்குகிறதே என்று அவரே ஆன்லைனில் ஸ்டாண்டு வாங்கி, திருகித் திருகி மட்டத்துக்கு ஏற்றியிருக்கிறார். கார்டு ஏறியது. டியூபின் ஒரு முனை அதோடு ஏற, மறுமுனை டிஸ்ட்ரோ பிளேட்டில் அசையாமல் நிற்க, ஃபிட்டிங்குக்குள் இருந்த ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தளர்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் காலருக்கும் டியூபுக்கும் நடுவே மேல்பக்கம் மட்டும் நகம் நுழையும் இடைவெளி. அங்கிருந்து பேக்பிளேட் (கார்டின் முதுகுத் தகடு) விளிம்பு வரை பச்சைக் கூலன்ட் காய்ந்து ஒரு கோடு. நல்லவேளை, ஸ்லாட்டுக்குள் இறங்கவில்லை. லூப்பை வடித்து, கார்டை மட்டத்தில் நிறுத்தி, இரண்டு டியூபையும் புதிதாக வெட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் கடையில் வரிசை இதுதான். கார்டை ஸ்லாட்டில் செருகி பிராக்கெட் ஸ்க்ரூவைப் பாதிதான் முறுக்குவோம். வாலை மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்புறம் முழுசாக முறுக்குவோம். அந்த ஸ்க்ரூ ஓட்டைகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதிலேயே பாதித் தொங்கல் போய்விடும். பிறகு ஸ்டாண்டு. பேக்பிளேட்டின் மேல் சின்ன ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்ப்போம் (மேஜை மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் ரசமட்டம் மேஜையின் கோணலைத்தான் காட்டும்). இதெல்லாம் முடிந்த பிறகுதான் டியூபை அளப்பதும் வளைப்பதும். கடைசியில் காற்றுச் சோதனை: லூப்புக்குள் காற்றடித்து 0.5 பார் அழுத்தம், அரைமணி நேரம். அந்த நேரத்தில் கார்டின் மூலையை விரலால் லேசாக அழுத்தி விடுவேன். அழுத்தமானியின் முள் அப்போதும் அசையக் கூடாது.

இன்னொன்று. கம்பெனி கூலரில் பின்பக்க பிராக்கெட்டை ஹீட்சிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இருக்கும். பல பிளாக்குகளில் அதற்கான ஓட்டை கிடையாது. பிராக்கெட்டையும் போர்டையும் சேர்த்துப் பிடிக்க மிஞ்சுவது இரண்டொரு குட்டி ஸ்க்ரூ. பிளாக் வாங்கும்முன் படத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வைகைக்கரை:

ஸ்டாண்டை 3டி பிரின்டரில் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரிப் பக்கம் இளகும், கேபினெட்டுக்குள் அவ்வளவு சூடு ஏது என்று கேட்பார்கள். இளகவே தேவையில்லை. மேலே எப்போதும் ஒரு எடை, சுற்றிலும் 45, 50 டிகிரிக் காற்று என்றால், நாளாக ஆக அந்தப் பிளாஸ்டிக் தானாகவே அமுங்கிக் கொடுக்கும். தம்பி அடித்துக் கொடுத்தது மதுரை வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில் மே மாதத்தைத் தாண்டவில்லை. கழுத்துப் பகுதி கண்ணாடிப் பக்கமாகக் குனிந்துவிட்டது. அதே டிசைனை, இன்னும் சூடு தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில், சுவரைத் தடிமனாக்கி அடித்தோம். இன்றுவரை நிற்கிறது.

கோவை_பட்டறை:

கார்டுக்கு முட்டு என்பது இன்றைக்கு வந்த சங்கதி இல்லை நண்பர்களே. ஐ.பி.எம். பி.சி. காலத்திலேயே முழுநீளக் கார்டுகள் இருந்தன. பி.சி.ஐ. (அதற்குப் பின் வந்த கார்டு ஸ்லாட் தரம்) கணக்கில் முழுநீளம் என்றால் 312 மி.மீ. அந்தக் கார்டின் வால் கேபினெட்டின் முன்பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் காடியில் போய் உட்காரும். ஸ்லாட், பிராக்கெட், காடி என்று மூன்று பிடிமானம். அப்புறம் கார்டுகள் குட்டையாகின, வீட்டுக் கேபினெட்டுகளில் காடி காணாமல் போனது. இப்போது கார்டு மறுபடி 300 மி.மீ.யைத் தாண்டிவிட்டது, காடி மட்டும் திரும்பி வரவில்லை. டெல் பிரிசிஷன், எச்.பி. இசட் வகை ஒர்க்ஸ்டேஷனைத் திறந்து பாருங்கள், அந்தப் பிடிமானம் இருக்கும். அதற்காகவே குவாட்ரோ என்ற ஒர்க்ஸ்டேஷன் கார்டுகளின் வாலில் எக்ஸ்டெண்டர் (வாலை நீட்டும் துண்டு) மாட்ட ஸ்க்ரூ ஓட்டை விட்டிருப்பார்கள். கேமிங் கார்டு செய்கிறவர்களும் கேபினெட் செய்கிறவர்களும் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த ஸ்டாண்டு வியாபாரமே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நான் அந்தக் காடியைத்தான் வேறு விதமாகத் திரும்பக் கொண்டுவந்தேன். 3 மி.மீ. கனத்தில் அலுமினிய எல் ஆங்கிள். ஒரு முனை கார்டுக்குக் கீழே உள்ள காலி ஸ்லாட்டின் ஸ்க்ரூவில், மறுமுனை முன்பக்க ஃபேன் ஃபிரேமில். கார்டின் மூலை வரும் இடத்தில் ஆங்கிளில் எம்4 (4 மி.மீ.) மரை வெட்டி, கீழிருந்து ஏற்றும் ஒரு ஸ்க்ரூ, அதன் தலையில் ரப்பர். கால் சுற்று திருகினால் 0.2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஏறும். குலை தள்ளிய வாழைக்கு முட்டு வைக்கிறவன் குலைப் பக்கம்தான் வைப்பான், அடித்தண்டில் வைப்பதில்லை. அதே கணக்குதான் இங்கேயும். பட்டறை இல்லாதவர்கள் ஆக்சா பிளேடும் கை டிரில்லும் வைத்தே செய்யலாம். துளை போட்ட இடத்தை அரம் போட்டு வழித்துவிடுங்கள், அலுமினியத் துகள் மதர்போர்டில் விழுந்தால் கதை வேறு.

ரப்பர் தலை பேக்பிளேட்டின் ஓரத்திலோ பிளாக்கின் செம்பு விளிம்பிலோ படட்டும். பிளாக்கின் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) முகத்தில் வேண்டாம். ஸ்க்ரூ இறுக்கத்தில் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் பொருள் அது. பளபளப்புக்காக ஆல்கஹாலும் போட்டுத் துடைத்தால் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி மயிர்க்கோடு விழும்.

அடியில்_ரேடியேட்டர்:

கோவை அண்ணா, என் கேபினெட்டின் தரை முழுக்க 360 மி.மீ. ரேடியேட்டரும் (தண்ணீரின் சூட்டை வெளியேற்றுவது) மூன்று ஃபேனும். ஸ்டாண்டு வைக்க இடமே இல்லை. முன்பக்கமும் ஃபேன் ஃபிரேம் கிடையாது, கண்ணாடிதான். ஆங்கிளை எங்கே மாட்டுவது?

குழாய்க்காரன்_சென்னை:

தம்பி, கீழே இடம் இல்லை என்றால் மேலே இருந்து கட்டு. மேல்பக்க ரேடியேட்டர் ஸ்க்ரூ ஒன்றிலிருந்து கார்டின் மூலைக்குத் தூண்டில் நரம்பு. கண்ணுக்கே தெரியாது. சாதா நைலான் வேண்டாம், இழுபட்டு நீளும். பின்னல் நரம்பு வாங்கு. பேக்பிளேட் ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு வாஷர் போட்டு அதில் கட்டு. எதில் கட்டினாலும் பவர் கேபிளில் மட்டும் கட்டாதே. புது 12 வோல்ட் கனெக்டரில் செருகிய இடத்திலிருந்து 35 மி.மீ.க்குள் கேபிளை வளைக்கக் கூடாது. கார்டை ஏற்றி இறக்கிய பிறகு அது முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

சோம்பேறி_சங்கம்:

எதுக்கு இத்தனை பாடு? கேபினெட்டைப் படுக்கப் போட்டுவிட்டேன். கார்டு செங்குத்தாக நிற்கிறது. செலவு பூஜ்யம்.

செம்புத்தட்டு:

சங்கத் தலைவரே, ரிசர்வாயரும் (லூப்பின் தண்ணீர்த் தொட்டி) சேர்ந்து படுத்திருக்குமே? பம்ப் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்தால் காற்றை இழுக்கும். கரகர சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

சோம்பேறி_சங்கம்:

அதான் அந்தச் சத்தமா.

ஒட்டாவா_குளிர்:

நான் ரைசர் கேபிள் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்பு கேபிள்) போட்டுக் கார்டை நிமிர்த்தி வைத்தவன். காற்றுக் கூலரில் அப்படி வைத்தால் கண்ணாடி அருகே மூச்சு முட்டும். வாட்டர் பிளாக்குக்கு அந்தக் கவலை இல்லை, பிளாக்கின் அழகும் தெரியும். ஆனால் தொங்கல் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கார்டைத் தாங்கும் தகடு மெல்லியதாக இருந்தால் அந்தத் தகடே கண்ணாடிப் பக்கம் சாயும். என்னுடையது சாய்ந்தது; தகட்டின் அடியில் இன்னும் இரண்டு ஸ்க்ரூ போட்ட பிறகுதான் நின்றது.

ரைசர் வாங்கும்போது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தலைமுறை (ஜென்) பார்த்து வாங்குங்கள். ஜென் 4 கார்டு, ஜென் 4 போர்டு, நடுவில் ஜென் 3 கேபிள் என்றால் திரை கறுப்பாகவே இருக்கலாம். கார்டு போய்விட்டது என்று பதற வேண்டாம். பயாஸில் ஸ்லாட்டை ஜென் 3 என்று மாற்றினால் வந்துவிடும், வேகத்தில் பெரிய இழப்பும் இல்லை. மலிவு ரைசரும் வேண்டாம். 2021இல் என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனம் தன் எச்1 கேபினெட்டைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். ரைசர் போர்டைப் பிடித்த ஸ்க்ரூவே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம்.

பழசு_வேட்டை:

பழைய கார்டு வாங்கி பிளாக் மாட்டுகிறவர்களுக்கு. ஸ்லாட்டின் பூட்டு வந்து கொக்கி போடும் இடத்தில் போர்டில் ஒரு வெட்டு இருக்கும். முட்டு இல்லாமல் தொங்கிய கார்டு விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், முடி கனத்துக்குத்தான் தெரியும். உள்ளடுக்குச் செம்புக்கோடுகள் அறுந்திருந்தால் ஒட்டிச் சரிசெய்வது லேசில்லை. ஏற்கெனவே பிளாக் மாட்டிய கார்டில் முன்பக்கம் மறைந்திருக்கும். பேக்பிளேட்டைக் கழற்றிப் படம் கேளுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய 3080 கார்டு பார்த்தேன். விலை ஆசை காட்டியது. ஓடவிட்டால் திரையில் பச்சைப் புள்ளிகள். கார்டின் வாலை ஒரு விரலால் லேசாகத் தூக்கினேன், புள்ளிகள் காணோம். விரலை எடுத்தேன், திரும்ப வந்தன. "அது டிரைவர் பிரச்சினை சார், விண்டோஸ் மாத்தினா சரியாயிடும்" என்றார் விற்றவர்.