ஜப்பான் வேகன் ஆர் எடுத்தா சேர்விஸ் ஏஜென்ட்டிட்டயா, வெளி கராஜிலயா?

தெஹிவளைப்பெடியன்:

வணக்கம். வீட்டுக்கு முதல் கார் எடுக்கப் போறம். ஓட்டம் பெருசா இல்ல, காலைல பிள்ளைய பம்பலப்பிட்டில ஸ்கூல்ல விடணும், அம்மாவ கிளினிக் கூட்டிக்கொண்டு போகணும், லீவுக்கு யாழ்ப்பாணம் போய் வரணும். நுகேகொடைப் பக்கம் ஒரு கார் சேல்ல 2018 ஜப்பான் சுசுகி வேகன் ஆர் எஃப்இசட் ஹைபிரிட் ஒண்டு பாத்து வச்சிருக்கன். சேல்காரர் கொம்பனி மெயின்டெய்ன்ட், ஃபுல் ரெக்கோர்ட் இருக்கு எண்டுறார், ஆனா கேட்டா எடுத்துக் காட்டுறது ஒயில் மாத்தின ஸ்டிக்கரும் கையால எழுதின ரெண்டு பில்லும்தான். மச்சான் சொல்லுறார் அதே காசுக்கு கொஞ்சம் பழைய டொயோட்டா அக்குவா ஹைபிரிட் எடு எண்டு.

என்ட யோசினை என்னெண்டா, எதை எடுத்தாலும் பிறகு சேர்விஸுக்கு எங்க போறது? ஏஜென்ட்டிட்ட, அதான் கார் கொம்பனிட உத்தியோகபூர்வ முகவரிட்ட, போனா பில் தாங்காது எண்டு எல்லாரும் பயப்படுத்துறாங்க, வெளில குடுத்தா ஹைபிரிட்ட குழப்பிப்போடுவாங்க எண்டும் அதே ஆக்கள்தான் சொல்லுறாங்க. விசயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

ஒயில்ஃபில்டர்:

தம்பி, கொம்பனி மெயின்டெய்ன்ட் எண்ட சொல்லு எந்த கார் சேல்லயும் ஓசியா கிடைக்கும். ஏஜென்ட்டிட்ட சேர்விஸ் பண்ணின கார் எண்டா அவங்கட கொம்பியூட்டர்ல வாகன நம்பரோட எல்லாம் இருக்கும், என்ன திகதி, எத்தனை கிலோமீற்றர்ல வந்தது, என்ன மாத்தினது எண்டு. ஓனரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த ஹிஸ்டரிய பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்க. அதுக்கு சேல்காரர் பின்னடிச்சா ரெக்கோர்ட் இல்ல எண்டே வச்சுக்கொள்ளுங்க. இது ஏன் முக்கியம் எண்டா, 2020 மார்ச்சில இம்போர்ட்ட நிப்பாட்டினவங்க தனியார் வாகனத்துக்கு திரும்ப திறந்தது 2025 பெப்ரவரிலதான், அந்த அஞ்சு வருசமும் நாட்டுக்குள்ள இருந்த கார்தான் கை மாறிக்கொண்டே இருந்தது, விலையும் நல்லா ஏறினது, அதால மீற்றர குறைச்சு வித்தா நல்ல லாபம். பிரின்ட்ல இருக்கிற கிலோமீற்றரும் டாஷ்ல இருக்கிறதும் ஒத்துப்போகுதா எண்டு வரி வரியா பாருங்க. ஜப்பான்ல பாவிச்சு வந்த கார் எண்டா ஒக்ஷன் ஷீட்டும் (அங்க ஏலத்துல காரோட நிலைய எழுதின தாள்) கேளுங்க, கார் பொடில பொறிச்ச சசி நம்பர வச்சு அது உண்மையான ஷீட்தானா எண்டு வெளில செக் பண்ணலாம். கிரேட் இருக்கிற இடத்துல ஆர் எண்டோ ஆர்ஏ எண்டோ இருந்தா அது அடிபட்டு திருத்தின கார்.

இப்ப ஏஜென்ட் விசயம். இலங்கைல ஏஜென்ட் வித்த வேகன் ஆர் இந்தியாவுல மாருதி செஞ்சது, 998 சிசி. நீங்க பாக்கிறது ஜப்பான் கே கார் எண்ட சின்னக் கார் வகை, 658 சிசி ஆர்06ஏ எஞ்சின். பேர் ஒண்டெண்டாலும் பார்ட்ஸ் நம்பர் வேற வேற. அதுக்குள்ள வேலை செய்யாதவங்களுக்கு இது விளங்காது, தந்தத பூட்டிவிடுவாங்க. அதால ஏஜென்ட்டோ வெளி கராஜோ, நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி ஜப்பான் கார் இங்க எத்தனை வருது, கியர் ஒயில் என்ன போடுவீங்க எண்டுதான். இந்தக் கார்ட ஒட்டோ கியர் சிவிடி வகை, அதுக்கு சுசுகி சொன்ன ஒயில்தான் போகணும், எல்லா காருக்கும் சரிவரும் எண்டு எழுதின டின்ன காட்டினா அந்த இடத்த விட்டு வெளிக்கிடுங்க.

ஹைபிரிட் எண்ட சொல்லுக்கும் பயப்படாதீங்க. வேகன் ஆர்ல இருக்கிறது முன் சீட்டுக்குக் கீழ ஒரு சின்ன லித்தியம் பட்டரி, அது முக்கியமா எஞ்சினுக்கு உதவி செய்யிறதுக்குத்தான். பழைய அக்குவால பின் சீட்டுக்குக் கீழ 144 வோல்ட் நிக்கல் பட்டரி இருக்கு, அது காரையே ஓட்டும், அது போனா பெரிய காசு. அக்குவா பாக்கிறதெண்டா பின் சீட் பக்கத்துல பட்டரிய குளிராக்க காத்து போற வாய்க்குள்ள தூசி அடைச்சிருக்கா எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்க. கொழும்பு வெயில்ல, டிராஃபிக்ல, அந்த வாய ஒரு நாளும் துடைக்காத கார்தான் பட்டரிக்கு செலவு வைக்கும்.

மட்டக்குளிநானா:

மேல சொன்னது சரி, பார்ட்ஸ் பத்தி நான் கொஞ்சம் சொல்றேன். கொழும்புல பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைல எல்லாம் கிடைக்கும் தம்பி, ஆனா ஒரே சாமானுக்கு மூணு விலை சொல்வாங்க. ஒண்டு ஜெனுவின், ஒண்டு ஜப்பான்ல இருந்து கழட்டி வந்த ரீகண்டிஷன், ஒண்டு சைனா. பொடி பார்ட்ஸ், கண்ணாடி, ஹெட்லைட்டுக்கெல்லாம் ரீகண்டிஷன் நல்லம், சில நேரம் ஜெனுவின விட தேடி எடுக்கிறதுக்கு லேசு. பிரேக் பேட், ஃபில்டர், எஞ்சின் மவுண்ட் இதுகள்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. கடைக்குப் போக முந்தி காரோட சசி நம்பர போட்டோ எடுத்துட்டு போங்க, அத வச்சு பார்ட் நம்பர எடுத்துட்டு பிறகு விலை கேளுங்க. வேகன் ஆர் பிரேக் பேட் தாங்கனு கேட்டா இந்தியன் சாமானத்தான் தருவாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல ஏலாது.

பாஸ்மார், அதான் வெளி கராஜ் மெக்கானிக்மார், பத்தி எல்லாரும் லேசா பேசுறாங்க, எனக்கு அதுல கோவம் வரும். நல்ல பாஸ் ஒருத்தர் கிடைச்சா உங்க அதிர்ஷ்டம். அவர் காரை ஓட்டிப் பார்ப்பார், சத்தம் எங்கேருந்து வருதுனு காது குடுத்து கேப்பார், ஷொக் மாத்தத் தேவையில்ல, புஷ் மட்டும் மாத்தினா போதும்னு சொல்வார். ஏஜென்ட் பக்கம் அப்பிடி இல்ல, மொத்தமா செட் மாத்தித்தான் பழக்கம், பில்லுக்கு மேல 18 வீதம் வாட் வரியும் வரும். ஒயில், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் பாஸ்கிட்ட செய்ங்க. மாத்தின பழைய சாமான கையில தரச் சொல்லுங்க, நேர்மையான ஆள் கேக்க முந்தியே ஒரு பையில போட்டுத் தருவார்.

கொட்டாஞ்சேனை_அக்கா:

எல்லாரும் எஞ்சினையே பாக்கிறீங்க, நான் பேப்பர பத்தி சொல்லுறன். கார் சேல்ல நிக்கிற கனக்க காரு அந்த சேல்காரர்ட பேர்ல இல்ல, முந்தின ஓனர்ட பேர்லதான் இருக்கும், அவர் கையெழுத்து வச்ச டிரான்ஸ்ஃபர் ஃபோர்ம் மட்டும் மேசை லாச்சில கிடக்கும். இப்பிடி ஓபன் பேப்பர்ல ரெண்டு மூண்டு பேர் கைமாறி வந்த கார் தயவுசெய்து எடுக்க வேணாம். அந்த ஓனர் வெளிநாடு போய்ட்டா, கையெழுத்து ஒத்துப்போகாட்டி, வாகனப் பதிவு ஒஃபிஸ் இருக்கிற நாரஹேன்பிட்டிக்கும் வீட்டுக்கும் நடந்து களைச்சுப் போவீங்க. சீஆர்ல (வாகனப் பதிவுச் சான்றிதழ்ல) பேர் இருக்கிற ஆள நேர்ல பாக்கணும், அடையாள அட்டைய பாக்கணும். அப்சொலூட் ஓனர் எண்ட இடத்துல லீசிங் கொம்பனி பேர் இருந்தா, கடன் முடிஞ்சு அவங்கட பேர் நீங்கினாப் பிறகுதான் முழுக் காசு குடுக்கணும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல எக்ஸ்ட்ராக்ட் (பதிவுப் பிரதி) ஒண்டு எடுத்தா சீஆர்ல உள்ளதும் அங்க பதிஞ்சு கிடக்கிறதும் ஒண்டா எண்டு தெரியும். சசி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் கார்ல நீங்களே ஒத்துப் பாருங்க தம்பி.

சேல்காரர் வொரன்டி தாறன் எண்டா எத்தனை மாசம், எஞ்சினுக்கா கியருக்கா, எந்த கராஜ்ல செய்யிறது, கூலி யாருக்கு, எல்லாத்தையும் லெட்டர்ஹெட்ல எழுதி சீல் குத்தி வாங்குங்க.

தெஹிவளைப்பெடியன்:

பெரிய நன்றி அண்ணா, நானா, அக்கா. சேல்காரருக்கு கோல் எடுத்தன். ஓனர் கண்டியில, வரமாட்டார், ஃபோர்ம் எல்லாம் ரெடி எண்டுறார். வெளி ஆள் ஒருத்தரக் கொண்டு வந்து கொம்பியூட்டர்ல கார ஸ்கேன் பண்ணிப் பாக்கலாமா எண்டதுக்கு முதல்ல அட்வான்ஸ் போடுங்க எண்டுறார். என்ன செய்ய?

ஒயில்ஃபில்டர்:

அட்வான்ஸ் போடாதீங்க. ஓனர் கண்டியில எண்டா நீங்க ஒரு ஞாயிறு கண்டிக்கே போய் அவரப் பாக்கலாம், நம்பர தரச் சொல்லுங்க, தந்தா நல்ல அறிகுறி. ஸ்கேன் பண்ண விடாட்டி அந்தக் கார விட்டுடுங்க, வேகன் ஆர் கொழும்பு முழுக்க ஓடுது, வேற ஒண்டு வரும். ஸ்கேன் பண்ண விட்டா, காலைல எஞ்சின் குளிரா இருக்கேக்க போங்க, வெயில் ஏறினாப் பிறகு போக வேணாம், அவங்கள் முன்னுக்கே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருப்பாங்க. கையால எஞ்சின தொட்டுப் பாத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பிறகு ஏத்தம் ஒண்டுல மெதுவா ஓட்டிப் பாருங்க, சிவிடி நடுங்கினா அங்கதான் தெரியும். டிராஃபிக்ல நிக்கேக்க எஞ்சின் தானா நிண்டு திரும்ப எடுக்குதா எண்டும் பாருங்க, அது வேலை செய்யாட்டி சில நேரம் சாதாரண பட்டரி போட்டு வச்சிருப்பாங்க, இப்பிடி தானா நிண்டு எடுக்கிற ஐட்லிங் ஸ்டொப் காருக்கெண்டே செஞ்ச பட்டரிதான் போடணும், அந்த விலைய பேரத்துல கழிச்சுக் கேளுங்க.