போன் பாவிக்கும் பெடியள் பற்றி ஒரு உதவி

குழுவில் உள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமாருக்கு வணக்கம். கொழும்பில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏசி, பிரிட்ஜ் திருத்தும் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்ட வகுப்பு எடுக்கிறேன். பெடியள் எந்நேரமும் டிக்டொக், பேஸ்புக் என்று இருக்கிறார்கள், போனை வாசலிலேயே வாங்கி வைப்போம் என்று இங்கே பேச்சு நடக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

போன வாரம் செப்புக் குழாய் ஒட்டக் காட்டினேன். தீயை ஒட்டுக் கம்பியில் பிடிக்கக் கூடாது, குழாயைச் சூடாக்கினால் அந்தச் சூட்டிலேயே கம்பி உருகி இடுக்குக்குள் ஓடும், இதை வாயால் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. ஒரு தம்பி அதை வீடியோ எடுத்து, தமிழில் விளக்கம் சொல்லி வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான், சிங்களத்தில் நடக்கும் பாடம் பாதி விளங்காத மலையகப் பிள்ளைகள் இரவு அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வேலை தேடுவதும் போனில்தான். சும்மா பொழுது போக்குவதும் உண்டு, சரி, அதை மறைக்கவில்லை.

தொழிற்பயிற்சி படித்தவர்கள், படிப்பவர்கள் கொஞ்சம் எழுதுங்கள்: எதற்காகப் பாவித்தீர்கள், எது உதவியது, எது நேரத்தைத் தின்றது? தையல், வெல்டிங், பேக்கரி, எந்தத் துறை என்றாலும் பரவாயில்லை. அடுத்த கூட்டத்துக்கு முதல் உங்கள் பதில்களை, பெயர் போடாமல், நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும்.