மறு: மறு: மறு: 'பின்னணி'யா, 'விரவொளி'யா?

கட்ர்போர்ன், மொரிசியஸ்:
சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கான வானியல் சுவரொட்டி வியாழனன்று அச்சுக்குப் போகிறது. விண்மீன்களுக்கிடையே உள்ள சூடான வளிமம் உமிழும் மங்கலான புறஊதா ஒளிக்கு 'புறஊதாப் பின்னணிக் கதிர்வீச்சு' என்று எழுதியிருக்கிறேன். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். சுருக்க வழியுண்டா?

டர்பன்:
அம்மா, 'பின்னணி' பாடகிக்குச் சரி. 2003 ஜனவரியில் ஏவிய, இந்த வளிம ஒளியைத் தேடிய சிப்ஸ் செயற்கைக்கோள் 90 முதல் 260 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு, மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரை பார்த்தது. அந்த ஒளியை நடுநிலை (மின்னேற்றமில்லா) ஹைட்ரஜன் விழுங்கிவிடும். நமக்கு எட்டுவது பெரும்பாலும் நம் சூரியனைச் சூழ்ந்த சூடான வளிமக் குமிழிக்குள்ளிருந்துதான். எதற்குப் பின்னால் அணி? 'சூழொளி' என்க.

ரோஸ்ஹில், மொரிசியஸ்:
குமிழி அங்கே சரி. 912 ஆங்ஸ்ட்ராமுக்கு மேலே ஹைட்ரஜன் அப்படி விழுங்குவதில்லை, தொலைவொளியும் வரும். அதில் பெரும்பங்கு தூசியில் சிதறிய விண்மீன் ஒளி. கூடவே புவியைச் சூழ்ந்த ஹைட்ரஜனின் 1216 ஆங்ஸ்ட்ராம் கோடு (ஒரே அலைநீளத்தில் வரும் ஒளி), ஒளியே இல்லாதபோதும் உணரி காட்டும் இருள் எண்ணிக்கை. மூடியை மூடி இருளை எண்ணு, ஹைட்ரஜன் ஒளி குறையப் புவிநிழலில் அள, பிறகு கழி. எல்லாம் கலந்து வருவதால் 'விரவொளி'. இலக்கணத்தில் விரவுப்பெயர் (இரு திணைக்கும் பொதுவான பெயர்) படித்தவர்களுக்கு விளங்கும்.

டர்பன்:
'விரவு' முடிவது முற்றியலுகரத்தில் (முழுதாய் ஒலிக்கும் உகரம்), கெடாமல் வ் சேரும். 'விரவுவொளி' அல்லவா?

ரோஸ்ஹில்:
'முற்றும் அற்று ஒரோவழி', நன்னூல்: சில இடங்களில் முற்றியலுகரமும் கெடும். கதவு + அழகு = கதவழகு. போதுமா?

யாங்கோன்:
'ஊதா'வே உருதுவின் 'ஊதா' என்று சென்னைப் பேரகராதி சொல்கிறது. அதை விட்டுவிட்டு ஒளிக்குச் சண்டையா? 'புறக்கத்தரி' எப்படி?

கட்ர்போர்ன்:
ஐயா, பிள்ளைகள் சமையலறைக்குப் போய்விடுவார்கள். ஊதா இருக்கட்டும். 'புறஊதா விரவொளி', நால்வர் சரி என்கிறார்கள், அச்சுக்கு அனுப்புகிறேன்.

டர்பன்:
அனுப்புமுன் ஒன்று. கலந்த ஒளிக்கு விரவொளி பொருந்தும். வளிமத்தின் பங்கு அதில் கோடுகளாகத்தான் தெரியும்: ஆக்சிஜன் 1032, 1038, கார்பன் 1548, 1551. பல அலைநீளங்களை விடும் அகல வடிகட்டி போட்டால் தூசியொளி கோட்டினை மூழ்கடிக்கும், ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நிறமாலைமானி வேண்டும். உணரிக்கு மெக்னீசியம் ஃபுளோரைடு சாளரம் வைத்தால் அது 1150-க்குக் கீழே ஒளியை விடாது, ஆக்சிஜன் கோடு போச்சு. தூசியொளிபோல் அலைநீளமெங்கும் பரவிய தொடரொளியை ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு இத்தனை ஃபோட்டான் (ஒளித்துகள்) என்கிறோம். கோட்டுக்கு அந்த 'ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு' கிடையாது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் அலகு குழம்பும். கோட்டுக்கு 'வளிமக் கோட்டொளி' என்று அடியிலாவது போடுங்கள்.

கட்ர்போர்ன்:
அடியில் இடமில்லை ஐயா. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

டர்பன்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.