4கே எடிட்டிங்குக்கு நானே பிசி பூட்டப் போகிறேன்: இந்தப் பட்டியலில் எது எதோடு சேராது?

கேள்வி – புதுவிசை

வணக்கம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டுவது இதுதான் முதல் முறை. முக்கிய வேலை 4கே வீடியோ எடிட்டிங். கூடவே புகைப்படம், எப்போதாவது 1080பி-யில் கேம். விண்டோஸ் 11 போடுவேன். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. எழுதி வைத்திருப்பது இது:

சிபியு: ரைசன் 7 9700எக்ஸ்
மதர்போர்டு: பி650, மைக்ரோ ஏடிஎக்ஸ், 4 ரேம் ஸ்லாட்
ரேம்: டிடிஆர்5 4800, 16 ஜிபி ஒன்று. பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்வேன்
கிராபிக்ஸ் கார்டு: ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 8 ஜிபி
எஸ்எஸ்டி: 1 டிபி, சாட்டா
எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளை பெட்டி): 850 வாட்
கேபினெட்: முன்பக்கம் முழுக் கண்ணாடி
கூலர்: சிபியு பெட்டியில் வருவது

எங்கே தப்பு, எங்கே பணம் வீண் என்று சொல்லுங்கள்.

பதில் – செப்புக்கம்பி

முதலில் கூலர். 9700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். இந்தச் சிபியுவின் டிடிபி (வெப்ப அளவு) 65 வாட், சாக்கெட் வழியாக அது இழுக்கும் உச்சம் 88 வாட். அதனால் ஒற்றை 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர் தாராளமாகப் போதும். தண்ணீர் கூலருக்குச் செலவழிக்க வேண்டாம், அந்தப் பணம் ரேமுக்குப் போகட்டும்.

அடுத்தது போர்டு. பி650 போர்டுகள் வந்தது 2022-ல், ரைசன் 9000 வரிசை வந்தது 2024-ல். நடுவில் தயாராகி அலமாரியிலேயே இருந்த போர்டாக இருந்தால் அதன் பயாஸுக்கு (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) உங்கள் சிபியு யாரென்றே தெரியாது. ஃபேன் சுற்றும், திரை வராது. முதல் தடவை பூட்டுகிறவர் அங்கே சிபியுவைக் கழற்றி மாட்டி, சாக்கெட் பின்னை வளைத்துவிட்டால் போர்டே போச்சு. ஆகவே 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் புது பயாஸ் கோப்பைப் போட்டு, மேனுவலில் சொன்ன பெயரை அதற்கு வைத்து, பின்பக்கம் குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கத் தொடங்கும். அது நிற்கும்வரை கை வைக்கக் கூடாது. 24 பின் கேபிளும் சிபியு 8 பின் கேபிளும் மாட்டியிருந்தால் போதும், சிபியு, ரேம் எதுவும் தேவைப்படாது.

ரேம்தான் இந்தப் பட்டியலின் பெரிய ஓட்டை. ஒற்றை ஸ்டிக் போட்டால் மெமரியின் அலைவரிசையில் பாதிதான் கிடைக்கும். "பிறகு இன்னொன்று" என்பதும் டிடிஆர்5-ல் நம்பக் கூடாத திட்டம். அதே மாடல் எண்ணில் ஆறு மாதம் கழித்து வாங்கினாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்தால் பூட் ஆகாமல் திணறலாம். ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட்டை வாங்குங்கள்: வேகம் 6000, சிஎல்30 (தாமத அளவு), 2×32 ஜிபி. கையைக் கடித்தால் 2×16. நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று 4×16 போடாதீர்கள். ஏஎம்5-ல் (இந்தச் சிபியுவின் சாக்கெட்) நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 3600 மட்டுமே.

கிராபிக்ஸ் கார்டு பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் கேமரா என்ன வடிவில் பதிகிறது? மெனுவில் நிறத் தகவலின் அளவு 4:2:0 என்று இருக்கிறதா, 4:2:2 10 பிட் என்று இருக்கிறதா?

புதுவிசை

இப்போதுதான் பார்த்தேன். எச்.265, 4:2:2 10 பிட், 200 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது. அதற்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில் – செப்புக்கம்பி

எல்லாச் சம்பந்தமும் அதில்தான். எச்.265 கோப்பை டைம்லைனில் ஓட்டும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்துத் தருவது கார்டுக்குள் இருக்கும் தனி டீகோடர். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் டீகோடர் 4:2:0-ஐயும் 4:4:4-ஐயும் பிரிக்கும், 4:2:2-ஐப் பிரிக்காது. அப்போது மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழும். டைம்லைன் விக்கும், ஃபேன் அலறும், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். என்விடியாவில் 4:2:2 டீகோடு வந்தது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலிருந்துதான்.

எனவே 4060 டிஐ-யை விட்டுவிட்டு 5060 டிஐ, 16 ஜிபி பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபி மாடலும் உண்டு, பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷனும் இரண்டு மூன்று எஃபெக்டும் போட்டால் 8 ஜிபி நிரம்பிவிடலாம், எக்ஸ்போர்ட் பாதியிலேயே பிழை காட்டி நிற்கலாம். இன்னொன்று, 4:2:2-க்கான ஆதரவு எடிட்டிங் மென்பொருளிலும் இருக்க வேண்டும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

பதில் – பின்சாக்கெட்

கார்டு விஷயத்தில் செப்புக்கம்பி சொன்னது சரி. ஆனா இன்னொரு வழியும் இருக்கு, அதையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இன்டெல் சிபியுக்குள்ள இருக்கற கிராபிக்ஸ், 12-ம் தலைமுறை டெஸ்க்டாப்புக்கு முன்னாடியே எச்.265 4:2:2 10 பிட்டைப் பிரிச்சுக்கிட்டு இருக்கு. வேலைல முக்கால்வாசி எடிட்டிங்தான்னா கோர் அல்ட்ரா 7 265கே எடுக்கலாம், 20 கோர் இருக்கு. பேர்ல 'எஃப்' இருக்கறதை மட்டும் எடுத்துடாதீங்க. எஃப்-னா உள் கிராபிக்ஸ் கிடையாது, அந்த டீகோடரும் சேர்ந்தே போயிடும்.

இதுல இடைஞ்சல் ரெண்டு. 265கே உச்சத்துல 250 வாட் வரைக்கும் இழுக்கும், ஒத்தை ஃபேன் டவர் அதுக்குத் தாங்காது. ரெண்டாவது, அது உட்காரற எல்ஜிஏ1851 சாக்கெட், அதுக்கு நீண்ட நாள் ஆதரவுன்னு உறுதி இல்ல. ஏஎம்5-க்கு 2027-க்கு அப்புறமும் ஆதரவு இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்கு, போர்டை மாத்தாம நாளைக்கு சிபியுவை மட்டும் மாத்தலாம். நான் சொல்றது: 5060 டிஐ 16 ஜிபி வாங்க முடிஞ்சா ரைசன்லயே இருங்க. கார்டை இப்ப வாங்க முடியாது, ஒரு வருஷம் தள்ளிப்போடணும்னா இன்டெல்.

எஸ்எம்பிஎஸ் பத்தி யாரும் பேசலையே! வெறும் '850 வாட்'னு எழுதியிருக்கீங்க. பக்கவாட்டு ஸ்டிக்கர்ல +12வி பத்தியில என்ன போட்டிருக்கு?

புதுவிசை

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். +12வி: 38ஏ.

பதில் – பின்சாக்கெட்

12-ஐ 38-ஆல பெருக்குங்க, 456. சிபியுவும் கார்டும் சாப்பிடறது கிட்டத்தட்ட மொத்தமும் 12 வோல்ட்லதான். அப்ப அது உங்களுக்கு 456 வாட் எஸ்எம்பிஎஸ்தான். மீதியை 3.3 வோல்ட், 5 வோல்ட் பக்கம் கூட்டிக் காட்டி 850-னு அட்டைல அச்சடிச்சிருக்காங்க. ஒழுங்கான 650 வாட்ல +12வி பத்தியில 54ஏ-க்குப் பக்கமா இருக்கும்.

கணக்கு போடுவோம். சிபியு 88, கார்டு 180, போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 70. மொத்தம் 340 வாட் சுமார். கார்டு ஒரு கண நேரம் மேல தாவி இழுக்கும், அதுக்கும் இடம் விட்டு நல்ல 650 வாட் போதும். '80 பிளஸ் கோல்டு'ங்கறது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு மட்டும்தான் சொல்லும். ஓவர் கரண்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட், சூடு, இதுக்கெல்லாம் பாதுகாப்பு இருக்கான்னு தனியா பாருங்க. ஒரு விஷயம் மட்டும் ரொம்பக் கவனம்: மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டற) எஸ்எம்பிஎஸ்னா அதோட பெட்டியில வந்த கேபிளை மட்டும்தான் மாட்டணும். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைல எந்தப் பின்ல எந்த வோல்ட்னு பொது விதி கிடையாது. வேற மாடலோட கேபிள் அழகாப் பொருந்தும், எஸ்எஸ்டியைக் கருக்கிடும்.

பதில் – மெல்லியதிருகு

எஸ்எஸ்டி பற்றி. 200 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 25 எம்பி. மூன்று கேமராவை ஒரே டைம்லைனில் வைத்தாலும் 75 எம்பி. சாட்டாவே 550 எம்பி தருகிறது, ஆகவே ஓட்டுவதற்கு வேகம் பிரச்சினை இல்லை. ஆனாலும் சாட்டாவை எடுக்க வேண்டாம். பிசிஐஇ 4.0 என்விஎம்இ (போர்டிலேயே செருகும் எஸ்எஸ்டி) 7000 எம்பி வரை போகும், கேமராவின் மெமரி கார்டிலிருந்து நகலெடுக்கவும் எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளை எழுதவும் அது உதவும், கேபிளும் மிச்சம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் ஃபிளாஷ் வகையை. டிஎல்சி (ஒரு செல்லில் 3 பிட்) வாங்குங்கள். கியூஎல்சி (4 பிட்) வகையில் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால் எஸ்எஸ்டியின் வேகமான கேஷ் பகுதி நிரம்பியதும் வேகம் ஹார்டு டிஸ்க்குக்கும் கீழே இறங்கிவிடலாம். வீடியோ வேலை என்பதே பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதுவதுதான். சிஸ்டத்துக்கு 1 டிபி, ஃபுட்டேஜுக்குத் தனியாக 2 டிபி. இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை (என்விஎம்இ செருகும் இடம்) எதற்காவது பங்கு போடுகிறார்களா என்று போர்டு மேனுவலில் பாருங்கள். சில போர்டுகளில் அதில் எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா துளை செத்துவிடும்.

கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று எங்கிருந்து வரும்? எக்ஸ்போர்ட் என்பது அரை மணி, ஒரு மணி நேரம் சிபியுவும் கார்டும் சேர்ந்து சுடும் வேலை. முன்பக்கம் வலை உள்ளதாக எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. ஃபேன் சட்டத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசை அது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் வாங்குங்கள். தள்ளுபடி வரும்போது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தால், சிபியு வரும்போது போர்டின் மாற்றித்தரும் கெடு முடிந்திருக்கும். போர்டு வந்த உடனே சாக்கெட் மூடியை மெதுவாகத் தூக்கி, பின்கள் ஒரே வரிசையில் மின்னுகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்து, தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தக் கறுப்பு மூடியைத் தூக்கிப் போட வேண்டாம், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன் வெளியிலேயே ஒரு முறை ஓட்டுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் போர்டை வைத்து, சிபியு, கூலர், ரேம், எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின், சிபியு 8 பின் கேபிள்கள் மட்டும் மாட்டுங்கள். சிபியு மூலையில் உள்ள முக்கோணமும் சாக்கெட்டில் உள்ள முக்கோணமும் ஒரே மூலையில் வர வேண்டும். அழுத்தவே கூடாது, தானாக உட்காரும். நெம்புகோலை இறக்கும்போது கொஞ்சம் பலம் தேவைப்படும், அது சரிதான். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று ஒரு முறை பாருங்கள். ரேம் இரண்டும் சிபியுவிலிருந்து எண்ணினால் 2-வது, 4-வது ஸ்லாட்டில், இரு முனையும் 'டிக்' என்று பூட்டும்வரை. 9700எக்ஸில் உள் கிராபிக்ஸ் இருக்கிறது, அதனால் கார்டு இல்லாமலே போர்டின் எச்டிஎம்ஐ-யில் படம் வரும். 'பவர் ஸ்விட்ச்' என்று குறித்த இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஓடத் தொடங்கும்.

இங்கேதான் பலர் பயந்துவிடுகிறார்கள். டிடிஆர்5-ல் முதல் பூட்டில் போர்டு ரேமோடு பழக வேண்டும். திரை கறுப்பாகவே இருக்கும், 'டிரேம்' விளக்கு எரியும், சில நிமிடங்கள் ஆகும். கரண்ட்டை நிறுத்தாதீர்கள். கால் மணி நேரம் தாண்டியும் வராவிட்டால் ஒரு ஸ்டிக்கை மட்டும் 2-வது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் பயாஸ் ஃபிளாஷ்பேக்.

படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 6000-க்குக் காசு கொடுத்து 4800-லேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸ் போடும் முன் மெம்டெஸ்ட் (ரேம் சோதனை) ஒரு சுற்று முடியட்டும். கடைசியில் கார்டைப் போட்ட பிறகு மானிட்டர் கேபிளைப் போர்டிலிருந்து பிடுங்கி கார்டில் மாட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

புதுவிசை

அனைவருக்கும் நன்றி. மாற்றிய பட்டியல்: 9700எக்ஸ். ஃபிளாஷ்பேக் உள்ள பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ். 2×32 6000 சிஎல்30. 5060 டிஐ 16 ஜிபி, நீளம் 250 மி.மீ. டிஎல்சி என்விஎம்இ 1 டிபி, 2 டிபி. 650 வாட் மாடுலர், +12வி 54ஏ. டவர் கூலர், உயரம் 155 மி.மீ. முன்வலை கேபினெட், கார்டுக்கு 330 மி.மீ. வரை, கூலருக்கு 150 மி.மீ. வரை. இப்போது வாங்கலாமா?

பதில் – மெல்லியதிருகு

கடைசி இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலர் 155, கேபினெட்டில் இடம் 150. பக்கக் கதவு மூடாது. கூலருக்கு 160 மி.மீ.க்கு மேல் இடம் தரும் கேபினெட்டாக மாற்றுங்கள், அல்லது 150-க்குக் கீழே உள்ள கூலர் பாருங்கள். 88 வாட்டுக்கு அதுவும் போதும். கார்டு சரி: 330-ல் முன் ஃபேனின் 25 போனாலும் 305 இருக்கிறது. ரேம் மட்டும் தலையில் விளக்கு வைத்த உயரமான வகை வேண்டாம், கூலர் ஃபேன் அதன்மேல் இடிக்கும். ஃபேனை ஏற்றி மாட்டினால் அந்த 155 இன்னும் கூடும்.

பதில் – பின்சாக்கெட்

இன்னொண்ணு. அந்த 5060 டிஐ-க்கு எந்த பவர் கனெக்டர்னு பாருங்க. நிறைய மாடல்ல ஒரே ஒரு 8 பின், அது 150 வாட், ஸ்லாட்லேர்ந்து 75, 180-க்குப் போதும். எஸ்எம்பிஎஸ்ல சிபியு கேபிளும் 8 பின்தான், ஆனா அது 4+4-ஆ பிரியும், கார்டோடது 6+2-ஆ பிரியும். ஒண்ணுக்கு ஒண்ணு போகாது. போகலைன்னா அமுக்காதீங்க, கேபிளை மாத்துங்க.