வண்டி ஓடும்போது ட்ரெய்லரில் ஜெனரேட்டர் நின்றால் முன்னால் கேபினில் தெரிய என்ன வழி?

வணக்கம். காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுத்து, ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் வரை ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். லோடு வண்டிக்குப் பின்னால் சின்ன ட்ரெய்லர். அதில் ஃப்ரீசரும், அதை ஓட்ட 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரும்.

போன வாரம் திருவான்மியூர் தாண்டி எங்கேயோ ஜெனரேட்டர் நின்றுவிட்டது. கோவளத்தில் டீக்கு இறங்கியபோதுதான் பார்த்தேன். வஞ்சிரம் முழுக்க வியர்த்துப்போய் இருந்தது! பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப்போட்டதில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆயில் குறைந்தால் அணைக்கிற சென்சார் வேலையைக் காட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ப்ளூடூத் வைத்துப் பார்த்தேன், இரும்புத் தடுப்பைத் தாண்டி சிக்னல் வரவில்லை. ஜெனரேட்டரின் 230 வோல்ட் லைனில் ஒரு ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) மாட்டி, அதிலிருந்து 12 வோல்ட் வயர் இழுத்து டேஷ்போர்டில் பஸ்ஸர் வைக்கலாம் என்கிறார் தெரிந்த எலக்ட்ரீஷியன். கரண்ட் நின்றால் ரிலே விட்டுவிடும், பஸ்ஸர் கத்தும். எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த ஆட்டத்துக்கு ரிலே தாங்குமா? ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் என்ன கேட்டு வாங்குவது? ஃப்ரீசர் சூட்டையும் முன்னால் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

இப்படிச் செய்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். ஜெனரேட்டரை கேபினுக்குள்ளேயே வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, எனக்கு இரண்டு பிள்ளைகள்.