அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 1971 மெடல் இரண்டும் இல்லை, இப்போது சேர்க்க முடியுமா?

உசிலம்பட்டி மகன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். 1967இல் பட்டாளத்தில் சேர்ந்து, 17 வருடம் இருந்து, 1984இல் ஹவில்தாராகப் பென்ஷனில் வந்தவர். 1971 சண்டையில் கிழக்கே, இன்றைய பங்களாதேஷுக்குள் யூனிட்டோடு போனவர். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததை ஒரு ஆற்றங்கரையில் வைத்து வயர்லெஸ்காரர் சொல்லிக் கேட்டதாகச் சொல்வார். கட்டிலில் படுத்திருந்தாலும் அதைச் சொல்லும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

இந்தக் குடியரசு தினத்துக்குப் பேத்தி படிக்கிற பள்ளியில் அவரை மெடல்களோடு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் சைன்ய சேவா மெடல், சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டு மெடல், 9 வருட சேவை மெடல், இந்த மூன்றுதான். 1971இல் கிழக்கு முனைக்குப் போனவர்களுக்கான பூர்வி ஸ்டாரும் இல்லை, அந்தச் சண்டைக்கான சங்கராம் மெடலும் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் அந்த இரண்டையும் எழுதவில்லை. அவரோடு ஒரே லாரியில் போன பேரையூர் மாமா இரண்டையும் குத்திக்கொண்டுதான் எல்லா விழாவுக்கும் வருகிறார். அப்பா பள்ளிக்கே போகவில்லை. கேட்டால் "எதுக்குப்பா இப்போ, விடு" என்கிறார். எனக்கு விட மனசு வரவில்லை. ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன், ஐம்பது வருடம் கழித்து என்ன மெடல் என்று அனுப்பிவிட்டார்கள். யாருக்கு எழுத வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் பழைய கிளார்க்:

தம்பி, நான் யூனிட் ஆபீசில் 22 வருடம் கிளார்க் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மெடல் கொடுங்கள் என்று முதலில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் "பதிவில் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரும், அதோடு கதை முடிந்துவிடும். அந்தத் தேதிகளில் அவர் எந்த யூனிட்டில், எங்கே இருந்தார் என்பதை முதலில் காகிதத்தில் வாங்குங்கள்.

இந்த இரண்டு மெடலும் சண்டை முடிந்த பிறகு அறிவிக்கப்பட்டவை. அதன் பிறகுதான் யூனிட்டில் உட்கார்ந்து, யார் யார் தகுதி என்று பட்டியல் போட்டு அனுப்பினார்கள். அதை வைத்து பார்ட் டூ ஆர்டர், அதாவது ஆட்களின் விவரங்களைப் பதியும் யூனிட் உத்தரவு வெளியாகும், அதைப் பார்த்து ரெக்கார்ட்ஸ் ஆபீசில் ஷீட் ரோலில், அதாவது அவருடைய சேவைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், டிஸ்சார்ஜ் ஆகும்போது ஷீட் ரோலைப் பார்த்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதுவார்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டால் கடைசி வரைக்கும் விட்டதுதான். பட்டியல் எழுதிய மாதத்தில் ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தாலோ, கோர்ஸுக்குப் போயிருந்தாலோ, வேறு யூனிட்டுக்கு மாறியிருந்தாலோ பழைய யூனிட் "அவன் போய்விட்டான்" என்று விட்டுவிடும், புது யூனிட்டுக்கு அவர் கிழக்கே போனதே தெரிந்திருக்காது. இப்படி விட்டுப்போன பெயர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் கேளுங்கள், 1972, 73 வாக்கில் யூனிட் மாறினாரா?

எழுத வேண்டியது அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (இன்ஜினியர் பிரிவு) என்றால் பெங்களூர், ஆர்ட்டிலரி (பீரங்கிப் பிரிவு) நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இஎம்இ (வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு) செகந்திராபாத். எந்தப் பிரிவு, ஆர்மி நம்பர் என்ன என்பதை இங்கே பொதுவில் போட வேண்டாம்.

மேலூர் மருமகள்:

என் மாமனாருக்கு இதையே செய்தோம், அவர் மேற்கு முனை, அதனால் பஸ்சிமி ஸ்டார். எங்களுக்கு வழி திறந்தது ஆர்டிஐ, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுதான். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, அவர் பெயரிலேயே, அவர் கையெழுத்தோடு அனுப்பினோம். உங்கள் அப்பாவும் அவரேதான் கையெழுத்துப் போட வேண்டும். மகன் கேட்டால் அடுத்தவர் தகவல் என்று மறுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஷீட் ரோல் நகல், 1971 டிசம்பரில் இருந்த யூனிட்டின் பெயர், மெடல் சம்பந்தமான பார்ட் டூ ஆர்டர் நம்பரும் தேதியும், இவ்வளவுதான் கேட்டோம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு போடலாம். எங்களுக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் நகல் வந்தது.

ஆனால் ஆர்டிஐயில் நகல்தான் கிடைக்கும், பதிவைத் திருத்த வைக்க முடியாது. நகல் வந்தபின் தனியாகத் திருத்த மனு போட வேண்டும். இன்னொன்று, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கிற பெயரும் ஆதாரில் இருக்கிற பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்றில் கருப்பையா, ஒன்றில் கருப்பய்யா. அந்த ஒரு எழுத்துக்கு ஐந்து மாதம் போனது.

வாடிப்பட்டி செந்தில்:

அண்ணே, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் சீக்கிரம் நடக்காதா? அதுவரைக்கும் மெடல் கடையில் வாங்கியாவது அப்பாவுக்குக் குத்திவிடலாமே, பாவம்.

திருமங்கலம் பழைய கிளார்க்:

செந்தில், நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் வேண்டாம். பதிவில் ஏறாத மெடலைக் குத்தினால் நாளைக்கு யாராவது ஒருவர் கேட்கிற கேள்வியில் அந்தப் பெரியவர்தான் தலைகுனிவார். உண்மையான மெடலின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், கடையில் வாங்குவதில் அது கிடையாது. ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் கலெக்டருக்குக் கீழே வராது, திங்கட்கிழமை கொடுத்தாலும் மனு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத்தான் போகும். அதற்கு நேரே அங்கேயே போய், டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ (பென்ஷன் உத்தரவு), முன்னாள் படைவீரர் அடையாள அட்டை நகல்களோடு கொடுத்து, ரெக்கார்ட்ஸுக்கு முகப்புக் கடிதம் வைத்து அனுப்பச் சொல்லலாம்.

உசிலம்பட்டித் தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். அப்பா பென்ஷனர் என்பது பெரிய பலம், பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் காகிதங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம். பேரையூர் மாமாவிடமும் எழுதி வாங்குங்கள், அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பூர்வி ஸ்டார் ஏறியிருக்கிற பக்கத்தின் நகலையும் சேர்த்து. ஒரே யூனிட், ஒரே இடம், அவருக்கு உண்டு என்றால் இவருக்கு ஏன் இல்லை என்று அந்தப் பக்கமே கேட்கும். இந்த மெடலுக்குப் பணம் எதுவும் வராது, வீரச் செயலுக்குக் கொடுக்கிற கேலண்ட்ரி மெடல் மாதிரி கிடையாது. முடித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

உசிலம்பட்டி மகன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். 1972 பிப்ரவரியில் மஞ்சள் காமாலை, மூன்று மாதம் மிலிட்டரி ஆஸ்பத்திரி, திரும்பி வந்தபோது வேறு யூனிட்டில் போட்டுவிட்டார்களாம். கிளார்க் ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது. இதை இத்தனை வருடத்தில் அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை. "நான் இல்லாதப்போ கொடுத்திருப்பாங்க, போய்க் கேட்க ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

பெயர் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேரையூர் போகிறோம், அப்பாவும் வருகிறார். ஆர்டிஐ மனுவை எழுதி அவர் முன்னால் வைத்தேன். ஆர்மி நம்பர் எழுதுகிற இடத்தில் புத்தகத்தைப் புரட்டினேன், அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பரை முழுசாகச் சொல்லிவிட்டு, பேனாவைக் கொடு என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.